ஜப்பானுக்கான ஸ்பிரிங் 2 லிட்டர் எம்எக்ஸ்-5 காருக்குப் பொருந்துமா?

சிங்கப்பூரில் 2 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டுகிறீர்கள், சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கை ஜப்பானில் விற்பதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடல் ஒன்றுதானே என்று வாங்கிவிடாதீர்கள். 2015இல் வந்த நான்காம் தலைமுறையில், ஜப்பானின் துணிக்கூரை வண்டிக்கு 1.5 லிட்டர் எஞ்சின். அமெரிக்காவில் 2 லிட்டர். எஞ்சின் மாறினால் எடை மாறும், எடை மாறினால் ஸ்பிரிங் கணக்கும் மாறும். எந்த எஞ்சினுக்குச் செய்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஸ்பிரிங்கின் விறைப்பை, அதாவது அதை இவ்வளவு தூரம் அமுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதைச் சொல்லும் அலகிலும் கவனம் வேண்டும். மில்லிமீட்டருக்கு 6 கிலோ என்பதும் அங்குலத்துக்கு 336 பவுண்டு என்பதும் ஒரே விறைப்புதான்.

குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியின் உயரத்தை மட்டும் பேராசையோடு குறைக்காதீர்கள். 3 செ.மீ. இறக்கிய அன்றே, எங்கள் புளோக் பலமாடிக் கார் நிறுத்துமிடச் சரிவில் என் பம்பர் உரசிக் கறுப்புக் கோடு விழுந்தது. மாற்றும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.