கலங்கிய உப்புநீரை ஏன் கொட்டினீர்கள்?

கேள்வி: சென்ற இதழில் வந்த ‘டில் பிக்கிள்’ குறிப்பைப் பார்த்து வெள்ளரிக்காயை உப்புநீரில் ஊறப்போட்டேன். நான்காம் நாள் நீர் கலங்கி, நுரைத்து, புளிப்பு வாடை அடித்ததால் கொட்டிவிட்டேன். மறுமுறை உப்பைப் பாதியாக்கிக் கொஞ்சம் வினிகர் சேர்த்தேன். காய் கொழகொழத்துப் போயிற்று. எண்ணெயும் மிளகாயும் இல்லாத இதை ஊறுகாய் என்று சொல்லிப் பக்கத்தை நிரப்பலாமா? செய்தாலும் பர்கருக்குள் வைப்பதைத் தவிர எதற்கு உதவும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் முறை நீங்கள் கொட்டியது கெட்டுப்போன ஊறுகாயை அன்று, சரியாக விளையத் தொடங்கியிருந்த ஊறுகாயை. வெள்ளரியின் தோலில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றும்போது நீர் கலங்கத்தான் செய்யும், நுரைக்கத்தான் செய்யும், புளிக்கத்தான் செய்யும். இட்லி மாவு பொங்கியதைக் கண்டு அது கெட்டுவிட்டதென்று நீங்கள் சாக்கடையில் ஊற்றியிருக்க மாட்டீர்கள். கெட்டதற்கு அடையாளங்கள் வேறு: அழுகல் நாற்றம், கையில் எடுத்தால் வழுக்கும் காய், பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்து நிற்கும் பூஞ்சணம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தயங்காமல் எறிந்துவிடலாம். மேலே வெண்மையாகப் படியும் மெல்லிய ஆடையை வழித்துவிட்டால் போதும். பூண்டுப் பல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அது அமிலத்தின் வேலை, அஞ்சத் தேவையில்லை.

இரண்டாம் முறை நடந்ததில் எங்களுக்கும் பங்குண்டு. உப்பின் அளவைக் கரண்டிக் கணக்கில் அச்சிட்டது எங்கள் பிழை. ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் எடையில் ஒன்றல்ல. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு என்று நிறுத்துப் போடுங்கள். ஆனால், அதைப் பாதியாக்கியது உங்கள் முடிவு. காயை மெத்தென்றாக்கும் நுண்ணுயிர்களை அடக்கி, புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களுக்கு இடம் விட்டுக்கொடுப்பது அந்த உப்புதான். அது சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று.

‘கொஞ்சம் வினிகர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இரண்டு வெவ்வேறு முறைகளைக் குழப்பிக்கொண்டீர்கள். ஒன்று, உப்புநீரில் தானாகப் புளிக்க விடுவது. நியூயார்க்கில் குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் மரப்பீப்பாய்களில் வைத்து விற்றதும், போலந்து நாட்டு வீடுகளில் இன்றும் செய்வதும் இதுவே. மற்றொன்று, வினிகரும் நீரும் உப்பும் கலந்து கொதிக்கவைத்துக் காயின் மேல் ஊற்றுவது. இந்த இரண்டாம் முறையில் காயைக் காப்பது வினிகர் ஒன்றே என்பதால் அதன் அளவில் மனம்போனபடி கைவைக்கக் கூடாது. அமெரிக்கக் குறிப்புகள் 5 சதவீத அமிலமுள்ள வினிகரை எண்ணி எழுதப்பட்டவை. நம் கடைகளில் அதைவிட நீர்த்ததும் விற்கப்படுகிறது என்பதால் புட்டியின் மீதுள்ள எண்ணைப் படியுங்கள். அமிலம் போதாத கலவையைக் காற்றுப் புகாமல் மூடி வெளியே வைத்தால், உயிருக்கே உலைவைக்கும் பாட்டுலிசம் நச்சு உண்டாக இடமிருக்கிறது.

காய் கொழகொழத்ததற்கு உப்பு மட்டும் காரணமாக இருக்காது. வெள்ளரியின் பூ முனையில், அதாவது காம்புக்கு எதிர்முனையில், காயை மிருதுவாக்கும் என்சைம்கள் உள்ளன. அந்த முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட வேண்டும். சாலட்டுக்கென விற்கும் நீண்ட, நீர்த்த காயை விட்டுவிட்டு, கட்டுக் கட்டாக விற்கும் வெள்ளரிப் பிஞ்சை, அதுவும் அன்று பறித்ததாக வாங்குங்கள். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த இலைகளைச் சேர்த்தால் காயின் மொறுமொறுப்பு நிற்கும்; ஐரோப்பியர் ஓக் இலையும் திராட்சை இலையும் போடுவார்கள். ஓக்குக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? கம்பம் பக்கம் உறவினர் இருந்தால், மருந்தடிக்காத கொடியிலிருந்து நான்கு திராட்சை இலைகளைக் கேட்டு வாங்கலாம். இல்லையேல் ஒரு சிட்டிகை தேயிலைத்தூள் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். இந்த ஊறுகாய் 21 முதல் 24 டிகிரி செல்சியஸில் மூன்று, நான்கு வாரங்கள் நிதானமாகப் புளிக்க வேண்டியது. 27 டிகிரியைத் தாண்டினால் காய் தளரத் தொடங்கும். திருச்சியின் சித்திரை மாதத்தில் அதை மூன்று வாரம் அடுப்படியில் வைத்திருப்பது வீண். இரண்டு மூன்று நாள் வெளியே வைத்து, குமிழி விட்டதும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அரைப்புளிப்பான அந்தப் பக்குவத்தை நியூயார்க்கில் ‘ஹாஃப் சவர்’ என்று தனியாகவே கேட்டு வாங்குகிறார்கள் என்பதால், அதைக் குறைப்பட்டதாக எண்ண வேண்டாம்.

ஒரு கிலோ பிஞ்சுக்குப் பத்துப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி கடுகு, பூவோடு கூடிய சதகுப்பைக் கொத்து இரண்டு ஆகியவை போதும். டில் என்பது நம் சதகுப்பையின் இனம்தான். கொத்துக் கிடைக்காதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் அதன் விதையை வாங்கி ஒரு மேசைக்கரண்டி போடலாம், மணம் சற்று மாறும். பீங்கான் ஜாடியில் அடுக்கி, உப்புநீர் ஊற்றி, காய் மேலே மிதக்காதபடி ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்குங்கள்; வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள்.

இது ஊறுகாயா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டு ஜாடியில் மாவடு எதில் ஊறுகிறது? உப்பிலும், அது தானே விட்ட நீரிலும்தானே? அதில் எண்ணெய் மிதப்பதில்லை. அதை ஊறுகாய் அன்று என்று ஒருவரும் சொன்னதில்லை. மேலும், நம் மாநிலத்திலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உழவர்கள் ஒப்பந்த முறையில் விளைவிக்கும் கெர்க்கின் என்னும் சிறு வெள்ளரி, 2020-21ஆம் ஆண்டில் மட்டும் 2,23,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. நீங்கள் அந்நியம் என்று ஒதுக்கும் அந்தத் துண்டு பக்கத்து மாவட்டத்தில் விளைந்ததாகவே இருக்கக்கூடும்.

பர்கரைத் தவிர எதற்கு என்பதற்கும் விடையுண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து அட்கின்ஸ் என்னும் சிற்றூரில், ஊறுகாய்த் தொழிற்சாலைக்கு எதிரே உணவுக்கடை நடத்திய பெர்னல் ஆஸ்டின் என்பவர், 1963இல் இதை வில்லையாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரித்து விற்றார்; தென்மாநிலங்களெங்கும் அது பரவிவிட்டது. பஜ்ஜி போடத் தெரிந்த உங்களுக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. வில்லைகளைத் துணியில் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள், இல்லையேல் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மாவில் உப்புப் போட வேண்டாம். மிசிசிப்பி டெல்டாவில் குழந்தைகளுக்காக இதே காயைச் சிவப்பு நிறப் பழபானத் தூள் கரைசலில் ஊறவைத்து, இனிப்பும் புளிப்புமாகக் கடிக்கத் தருகிறார்கள். அதைச் செய்யச் சொல்லி நான் பரிந்துரைக்கமாட்டேன், ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள். பொடியாக அரிந்து, கெட்டித் தயிரில் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் இடுவது எனக்குப் பிடித்தது.

போலந்துக்காரர்களோ இந்தக் காயைத் துருவி, உருளைக்கிழங்கும் கேரட்டும் வெந்த சாற்றில் இட்டு, ‘ஒகுர்கோவா’ என்னும் சூப்பாக்குகிறார்கள். அதற்குப் புளிப்பேற்ற அவர்கள் கடைசியில் ஒரு கரண்டி ஊற்றுவது, நீங்கள் நான்காம் நாள் கொட்டிவிட்ட அந்தக் கலங்கிய உப்புநீரைத்தான்.