மூன்று பழம் என்றால் எந்தப் பழம்?

கேள்வி: செய்முறையில் '3 வாழைப்பழம்' என்றிருந்ததால், நன்கு கனிந்த மூன்று நேந்திரம்பழங்களை மசித்துச் சேர்த்து பனானா பிரெட் செய்தேன். மேலே அழகாகச் சிவந்துவிட்டது; வெட்டினால் நடுப்பகுதி களிபோல் ஒட்டுகிறது. குறை மாவிலா, ஓவனிலா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டிலும் இருக்கலாம் என்றாலும், எனக்கு முதலில் பழத்தின் மீதுதான் சந்தேகம். மேல்நாட்டுச் செய்முறைகளில் வாழைப்பழம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கேவண்டிஷ் வகையைக் குறிக்கும். நம் கடைகளில் ரோபஸ்டா, மோரிஸ் என்ற பெயர்களில் விற்பதும் அந்த இனமே. தோல் உரித்தபின் ஒரு பழம் 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். பெரிய நேந்திரம் மூன்று என்றால் அரைக் கிலோவையே தொட்டுவிடும். பூவனாக இருந்தால் மூன்று போதவே போதாது. ஆகவே எண்ணிப் போடாதீர்கள், நிறுத்துப் போடுங்கள்: 200 கிராம் மைதாவுக்கு 300 கிராம் விழுது, 2 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய், முக்கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும் என்பதால், நேந்திரத்துடன் மூன்று மேசைக்கரண்டி புளித்த தயிரும் சேருங்கள். புளிப்புக் குறைந்து சோடா மிஞ்சினால் சோப்பு வாடை அடிக்கும்.

ஓவனை 170 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, டின்னை நடுத்தட்டில் வைத்து 55 நிமிடம் வரை வேகவிடுங்கள். பாதியிலேயே மேற்புறம் சிவந்தால் ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள். கடைசியாக வேகும் இடம், மேலே நீளவாக்கில் பிளந்திருக்கும் வெடிப்பின் அடிப்பகுதி. ஈர்க்குச்சியை ஓரத்தில் குத்திப் பார்த்து ஏமாறாமல், அந்த வெடிப்பினுள் இறக்கிப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் ஓரிரு துணுக்குகள் மட்டும் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். சூட்டோடு வெட்டினால் வெந்த பிரெட்டும் கத்தியில் இழுபட்டு, வேகாததுபோலவே தோன்றும். வாசனைக்கு மயங்கி நானே பலமுறை இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

கேள்வி: பிரெட் என்பதால் மாவை நன்றாக அடித்துக் கலந்தேன். ரப்பர்போல் ஆகிவிட்டதே?
- வாசகர், திருச்சி

பதில்: பெயர்தான் பிரெட், குணத்தால் அது கேக்கின் தங்கை. கறுத்த பழத்தை வீணாக்க மனமில்லாத அமெரிக்க வீடுகளில் 1930களில் பரவிய இந்தப் பண்டத்தில் ஈஸ்ட் கிடையாது, சோடாதான் அதை உப்பச் செய்கிறது. புரோட்டாவுக்கு மைதாவை அடித்துப் பிசைவது, அதிலுள்ள குளூட்டன் இழுவை பெறுவதற்காகத்தான். இங்கே அந்த இழுவையே எதிரி. பழ விழுதையும் முட்டையையும் வேண்டுமட்டும் அடித்துக்கொள்ளுங்கள். மைதாவைச் சேர்த்தபின் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும். கலந்த மாவைக் காத்திருக்க வைக்காமல் உடனே ஓவனில் ஏற்றிவிட வேண்டும், தாமதித்தால் சோடாவின் வேகம் கிண்ணத்திலேயே அடங்கிவிடும்.

கேள்வி: ஓவன் இல்லை, குக்கரில் செய்யலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அடியில் ஒரு கிண்ணம் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கியை வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை இறக்கிச் சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தால் போதும். மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். கவிழ்த்துப் பரிமாறினால் சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடும்.