மனு எழுதத் தெரியும், அறிக்கை எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தூர்ந்துபோய், மழைக்காலம்தோறும் தண்ணீர் தேங்குகிறது. குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில், மாநகராட்சி ஆணையருக்கு ஓர் அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மனு எழுதிப் பழக்கம் உண்டு, அறிக்கை எழுதியதில்லை. எந்த வரிசையில் எழுத வேண்டும்?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மனுவில் கோரிக்கை வைக்கிறோம், அந்தக் கோரிக்கை நியாயமானதுதானா என்று படிப்பவர் தாமே சரிபார்த்துக்கொள்வதற்காக அறிக்கை எழுதுகிறோம். ஆகவே வேண்டுகோளையும் வணக்கத்தையும் முகப்புக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறிக்கைக்குள் நீங்கள் நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, இவற்றிலிருந்து நீங்கள் ஊகிப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கடலூர்க்காரரான உங்களுக்கு இது எளிதில் விளங்கும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால் பெய்த பெருமழை ஒன்று. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டது வேறொன்று. ஆற்று வெள்ளத்தின்போது எடுத்த படத்தை ஒட்டி, வடிகால் அடைப்பால் வந்த பாதிப்பு என்று எழுதிவிட்டால், பொறியாளர் ஒரே கேள்வியில் அறிக்கை முழுவதையும் ஒதுக்கிவிட முடியும். ஆற்றில் வெள்ளமே இல்லாத நாளில், ஒரு சாதாரண மழைக்குப் பிறகு உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்ற குறிப்புதான் வடிகாலின் குறையைக் காட்டும். அதைத் தேதிவாரியாகத் திரட்டிய பிறகே எழுத உட்காருங்கள்.

முதல் பக்கத்தில் தலைப்பு, பெறுநர், தயாரித்தவர், தேதி ஆகியவை இருக்கட்டும். அடுத்து, பிரச்சினை என்ன, காரணம் என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் சொல்லும் சுருக்கம் வர வேண்டும். இந்தச் சுருக்கத்தை, மற்ற பகுதிகள் எல்லாம் முடிந்த பிறகு எழுதி முன்னால் வையுங்கள்; நேரமில்லாத அதிகாரி இதை மட்டுமே படிக்கக்கூடும். பின்னர் நோக்கம், தகவல் திரட்டிய முறை, கண்டறிந்தவை, காரணங்கள், பரிந்துரைகள், இணைப்புகள் என்ற வரிசையில் செல்லலாம். நோக்கத்துக்கு நான்கு வரி போதும். தெருவின் வரலாறு தேவையில்லை. கண்டறிந்தவற்றுக்குத் தாராளமாக இடம் கொடுத்து, பத்திகளுக்கு 4.1, 4.2 என எண் இடுங்கள். கூட்டத்தில் பேசும்போது எந்தப் பத்தி என்று இருதரப்பும் சுட்டிக்காட்ட அது உதவும்.

நடையைப் பொறுத்தவரை, ‘மக்கள் சொல்லொணாத் துயரம் அடைந்தனர்’ என்ற வாக்கியத்தைப் படிப்பவர் இரக்கப்படலாமே தவிர, அதை வைத்துக்கொண்டு அவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. ‘தெருவின் கிழக்கு முனையில், சிறுபாலத்தை ஒட்டி, காலை 7 மணிக்கு முழங்கால் அளவு நின்ற தண்ணீர் மறுநாள் மாலைவரை வடியவில்லை, இதை நானும் சங்கப் பொருளாளரும் நேரில் பார்த்தோம்’ என்று எழுதினால் ஓர் உதவிப் பொறியாளர் நேராக அந்த இடத்துக்கே வந்து நிற்க முடியும். ‘பலமுறை தெரிவிக்கப்பட்டது’ என்பதும் அப்படித்தான். தெரிவித்தவர் யார், யாரிடம், எந்தத் தேதியில் என்பதைச் சொல்லாத செயப்பாட்டு வினையைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

பரிந்துரை ஒவ்வொன்றும் கண்டறிந்தவற்றில் ஏதாவதொரு பத்தியைச் சார்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்தி எண்ணையும் பக்கத்திலேயே குறியுங்கள். ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று முடிக்காமல், வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பர் இறுதிக்குள் எந்த முனையிலிருந்து எந்த முனைவரை தூர் வார வேண்டும் என்று எழுதுங்கள்.

இணைப்பில் வைக்கும் படம் ஒவ்வொன்றின் கீழும் இடம், தேதி, நேரம் ஆகியவை இருக்கட்டும். அறிக்கையை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுச் சங்கக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.