வாசகர் கேள்வி – பதில்: ‘சடன்லி’ சேகரிப்பாளர்களுக்கு

கேள்வி: 1954-இல் வந்த ‘சடன்லி’ என்ற ஹாலிவுட் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு ஏன் அதை இவ்வளவு தேடுகிறார்கள்?

பதில்: இலவசம் என்பதால்தான்! அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டு முடிவதற்குள் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு யாரும் புதுப்பிக்கவில்லை. கையில் கிடைத்த பிரதியை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு டிவிடி வட்டு போட்டார்கள். நல்ல பிரதி அரிதாகிவிட்டது. படத்தில் அமெரிக்க ஜனாதிபதியைச் சுட வந்தவனாக நடிக்கும் ஃபிராங்க் சினாட்ரா, ரயில் நிலையத்தைப் பார்த்த வீட்டில் ஒரு குடும்பத்தைப் பிணையாக வைத்திருக்கிறார். கதையின் பெரும்பகுதி அந்த ஒரே கூடத்தில்தான். பிரதியின் பிரதியில் நிழல்கள் கருந்திட்டாகி முகபாவம் மறைந்துவிடும். துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய அதே ஆண்டில் சினாட்ரா இப்படியொரு கொலைகாரனாக நடித்ததைப் பலர் மறந்தே போனார்கள்.

கேள்வி: என் வட்டில் சில நிமிடம் குறைகிறதே, வெட்டப்பட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஐரோப்பா போன்ற இடங்களின் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்கான வட்டில் விநாடிக்கு 24-க்குப் பதில் 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். சுமார் 75 நிமிடப் படத்தில் 3 நிமிடம் குறைவது இயல்பு. குரலும் சற்று உயர்ந்து ஒலிக்கும். அதற்கு மேல் குறைந்தால் சந்தேகப்படலாம். 1986-இல் வண்ணம் பூசிய பதிப்பில் சினாட்ராவின் நீலக் கண்கள் பழுப்பாகிவிட்டன. வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், படம் பார்க்க அல்ல.

கேள்வி: 16 மி.மீ. படச்சுருள் பிரதி விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் மூக்கு. பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் சுருளின் அடித்தளமான அசெட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களுக்கு அருகில் வைக்காதீர்கள். அமில ஆவி அவற்றையும் கெடுக்கும். நெடி லேசாக இருந்தால் அமில ஆவி பட்டால் நிறம் மாறும் நீலக் காகிதமான ஏ-டி பட்டை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, அறை வெப்பத்தில் ஒரு நாள் மூடி வையுங்கள். நீலமாகவே இருந்தால் நலம், பச்சை என்றால் சிதைவு ஆரம்பம், மஞ்சள் என்றால் வாங்க வேண்டாம்.

அடுத்து, நீளம். நிமிடத்துக்கு 36 அடி என்பதால் சுமார் 2,700 அடி இருக்க வேண்டும். 1,600 அடிச் சுருள் இரண்டில் அடங்கும். நிறைய குறைந்தால் அறுந்து ஒட்டிய இடங்களில் வசனம் போயிருக்கும். கீறல்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பளபளத்தால் அது இந்தச் சுருளின் மேல் விழுந்தது. திரையில் தெரிந்தும் சுருளில் பளபளக்காவிட்டால் மூலத்திலிருந்தே அச்சானது. எந்தத் துடைப்புக்கும் போகாது. கறுப்பு வெள்ளை என்பதால், பழைய வண்ணச் சுருள்களைப்போல நிறம் சிவந்துபோகும் கவலை மட்டும் இல்லை.

கேள்வி: சுவரொட்டி அசல்தானா?

பதில்: ‘ஒன் ஷீட்’ எனப்படும் வழக்கமான திரையரங்குச் சுவரொட்டி 27-க்கு 41 அங்குலம். அக்கால வழக்கப்படி மடித்தே அனுப்பினார்கள். மடிப்பே இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தால் யோசியுங்கள். கீழ் ஓரத்தில் ‘54/’ என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். முன்னால் ‘ஆர்’ எழுத்து இருந்தால் மறுவெளியீட்டுத் தாள்.