சத்தம் போடும் ரேஞ்சும் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலும்

அடுக்களைக் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வீட்டைப் புதுப்பித்தபோது பல லட்சம் கொடுத்து வெளிநாட்டுத் தயாரிப்பான குக்கிங் ரேஞ்ச் வாங்கினோம். மேலே காஸ் பர்னர்கள், கீழே மின்சார ஓவன். ஓவனைப் போட்ட சில நிமிடங்களில் உள்ளே ஒரு ஃபேன் ஓடத் தொடங்கும். வாங்கிய புதிதில் ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம் மட்டுமே இருந்தது. சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு ‘கரகர’வென்று இரைகிறது. கூடத்தில் உட்கார்ந்து பேச முடியவில்லை. ஓவனை நிறுத்திய பிறகும் நெடுநேரம் ஓடுகிறது. சர்வீஸ்காரர் இருமுறை வந்து பார்த்துவிட்டு, “இந்த மாடல் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிப் போய்விட்டார். ஃபேனின் ஒயரைக் கழற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: ஒயரைக் கழற்றவே கூடாது, அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஓவனுக்குள் 250 டிகிரி வரை சூடு ஏறுகிறது. அதைச் சுற்றிப் பஞ்சுப் போர்வை போல் வெப்பத்தடை இருந்தாலும் கொஞ்சம் சூடு வெளியே கசிந்து மேல்நோக்கி ஏறும். மேலே என்ன இருக்கிறது? நீங்கள் திருகும் குமிழ்கள், அவற்றின் பின்னால் ஒயர்கள், மின்னணுப் பலகை. சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் ரேஞ்சுக்குள் வெப்பம் தாங்கும் ஒயர் போடுகிறார்கள். ஆனால் மின்னணுப் பலகையில் உள்ள கெப்பாசிட்டர்கள் 85 அல்லது 105 டிகிரிக்கு என்றே செய்யப்பட்டவை. சூடு பத்துப் பத்து டிகிரியாக ஏறும்போது அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கூலிங் ஃபேன் வெளிக்காற்றை இழுத்து அந்த இடுக்கு வழியாக ஓட்டி, கதவுக்கு மேலே உள்ள நீளப் பிளவு வழியாக வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் ஒரு மாதம் வீடு அமைதியாக இருக்கும். அதன் பிறகு பலகை போகும். பலகையின் விலையைச் சொன்னால் உங்கள் கணவரே ஃபேனை மீண்டும் மாட்டிவிடுவார்.

நிறுத்திய பிறகும் ஓடுவது கோளாறு இல்லை. உள்ளே சூடு இறங்கும்வரை ஓட வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ கட்டளையிடுகிறது. கேக் போன்றவற்றுக்கு மிதமான சூட்டில் போட்டிருந்தால் விரைவில் நிற்கும். கோழியை நன்றாகச் சுட்டெடுத்த நாளில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் உண்டு. மற்றக் கருவிகளுக்கு அது நல்ல பழக்கம். இந்த ஓவனுக்கு மட்டும் வேண்டாம். சூடு தேங்கியிருக்கும்போது சுவிட்சை அணைத்தால் ஃபேன் நின்று, அவ்வளவு வெப்பமும் பலகையின் மேல் ஏறும். ஃபேன் தானாக நின்ற பிறகு அணையுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான குறைக்கு வருகிறேன். “மாடல் அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. மாடலின் குணம் என்றால் முதல் நாளிலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும். நீங்கள் ‘உஸ்’ என்று இருந்தது ‘கரகர’ என்று மாறியது என எழுதியிருக்கிறீர்கள். மாடல் மாறவில்லை, உள்ளே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியது எது என்று பார்ப்பதுதான் சர்வீஸ்காரரின் வேலை. விலை உயர்ந்த ரேஞ்ச்களில் ஃபேன் பெரிது, காற்று அதிகம், அதனால் சீரான காற்றுச் சத்தம் கூடுதலாகவே இருக்கும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சீராக இருக்கும் வரை அது நோயல்ல. சத்தத்தின் தன்மை மாறினால் நோய்.

எந்த ஃபேன் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல ஓவன்களில் இரண்டு உண்டு. ஒன்று உள்ளே, பின்சுவரில், சூடான காற்றைச் சுற்றவிடும் கன்வெக்‌ஷன் ஃபேன். மற்றொன்று மேலே மறைந்திருக்கும் கூலிங் ஃபேன். ஓடும்போது கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் கதவு திறந்ததும் கன்வெக்‌ஷன் ஃபேன் நின்றுவிடும், கூலிங் ஃபேன் ஓடும். கரகரப்பு தொடர்ந்தால் குற்றவாளி மேலே இருப்பவர்.

அடுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். பேக்கரி ஓவன்களின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவன் நான். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் கேட்கச் சொன்னார் என் ஆசான். தொடங்கும்போது கீச்சிட்டு, சூடேறியதும் குறைந்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது. ‘டக் டக்’ என்று ஒரே தாளத்தில் வந்தால் இறகு எங்கோ உரசுகிறது. ரேஞ்சின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தியதும் சத்தம் அடங்கினால் ஃபேனில் பழுதே இல்லை. தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது ரேஞ்சின் உடல் கிரானைட் மேடையில் முட்டி அதிர்வைக் கல்லுக்குக் கடத்துகிறது. நான்கு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகி, இருபுறமும் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டால் தீர்ந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மோட்டாரை மாற்றிப் பணம் செலவழித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஃபேன் நிற்கும் நொடியைக் கவனியுங்கள். நல்ல ஃபேன் மெல்ல மெல்லச் சுழன்று நிற்கும். சட்டென்று பிடித்தாற்போல் நின்றால் புஷ் இறுகிவிட்டது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த நோய் என்று நினைக்கிறேன். குருசுக்குப்பத்தில் கடல் கூப்பிடு தூரம். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் அதற்கு மேல்தான். இரும்புத் தண்டு அப்படித் துருப்பிடிக்கும். இன்னொரு பக்கம் நம் சமையல். வஞ்சிரம் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகையை இந்த ஃபேன் இழுக்கிறது. பிசுக்கு இறகில் ஒரு பக்கம் அதிகமாகப் படிந்தால் எடை தப்பும், சுழலும்போது நடுங்கும், புஷ் இன்னும் தேயும். சமைக்கும்போது சிம்னியை மறக்காமல் போடுவதும், ஓவன் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட்டுக் காற்றுப் பிளவை மூடாமல் இருப்பதும் நீங்களே செய்யக்கூடியவை.

மற்றதைச் சர்வீஸ்காரர் செய்ய வேண்டும். மின்பலகையில் உள்ள எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, காஸ் வால்வை மூடி, ரேஞ்ச் நன்றாக ஆறிய பிறகே இழுக்க வேண்டும். பின்தகட்டைக் கழற்றி, இறகுகளை வெந்நீரும் சோப்பும் தொட்ட பிரஷ்ஷால் துடைக்கலாம், மோட்டாரில் நீர் படாமல். விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் மோட்டாரை மாற்றுவதே வழி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் அமைதி கிடைக்கும், ஓவன் சூட்டில் அது காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சூட்டில் பசையாகிவிடும். திரும்பப் பொருத்தியதும் காஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அவர் வருமுன், ஃபேன் தொடங்குவதிலிருந்து நிற்பது வரை செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர் வரும் நேரத்தில் ஓவன் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த ஓவனைத் திறந்து பார்த்து எந்தச் சத்தத்தையும் கேட்க முடியாது. “அப்படித்தான் இருக்கும்” என்றால் அதையே சர்வீஸ் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்போதே மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். குறை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இவ்வளவு பணம் கொடுத்தவர் காது வலிக்கச் சமைக்க வேண்டியதில்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊர் திரும்பும்போது அங்கே பயன்படுத்திய ரேஞ்சையும் கண்டெய்னரில் கொண்டுவந்தான். எலக்ட்ரீஷியன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கொடுத்தார். ஓவன் சூடாகிறது. ஆனால் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, காற்றும் குறைவு.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லும் அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாதாரண ஏ.சி. மோட்டாரின் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் முடிவு செய்கிறது. இருதுருவ மோட்டாரின் உச்ச வேகம் அங்கே நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் இங்கே 3000. காற்று குறைவதற்குக் காரணம் அதுதான். அதே வோல்ட்டில் ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும், உறுமும். குளிர்விக்க வேண்டியதே சூடாகிறது.

இதை விட்டுவைக்காதீர்கள். அதே அளவும் அதே காற்றோட்டமும் உள்ள 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஃபேனைத் தேடிப் பொருத்தலாம். அதற்கு ரேஞ்சின் மின்சுற்றைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்நாட்டு ரேஞ்ச்களில் இரண்டு உயிர் ஒயரும் ஒரு நியூட்ரலும் இருக்கும். ஒரு பாகம் 240 வோல்ட்டிலும் மற்றொரு பாகம் 120 வோல்ட்டிலும் ஓடும். நம் நியூட்ரலை அதில் நேராக இணைத்தால் 120 வோல்ட் பாகங்களுக்கு 230 வோல்ட் போய் எரிந்துவிடும். இதுவரை எரியவில்லை என்பதால் உங்கள் எலக்ட்ரீஷியன் அந்த இடத்தில் தவறவில்லை என்று தெரிகிறது. பிரான்சிலிருந்து வந்த கருவிகளைப் புதுச்சேரி வீடுகளில் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டுமே வேறு.

கேள்வி: எங்களுடையது முழுக்க காஸ் ரேஞ்ச். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கூலிங் ஃபேன் இரைகிறது. வந்ததும் சரியாகிவிடுகிறது. புஷ் போய்விட்டதா? சத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் மாட்டலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: புஷ் நலமாக இருக்கிறது. உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்க வேண்டும். அது தரும் மின்சாரம் வளைவில்லாமல் மேடு பள்ளமாக இருப்பதால் மோட்டார்கள் உறுமும். கரண்ட் போகும்போது கூடத்து சீலிங் ஃபேனும் உறுமுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். உறுமினால் ஐயமே இல்லை. இன்வெர்ட்டர் மாற்றும் காலம் வரும்போது சைன் அலை வகையாக வாங்குங்கள். சத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாட்டக் கூடாது. வேகம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும்.

கேள்வி: மைக்ரோவேவின் ஃபேன் சத்தம் போடுகிறது. நானே திறந்து துடைக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். மைக்ரோவேவின் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். உயிரைப் பறிக்கும். வெளியே உள்ள காற்றுத் துளைகளைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பெரிய ரேஞ்ச் வாங்கப் போகிறோம். ஃபேன் சத்தத்தை முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: கடையில் இருக்கும் மாடலை 250 டிகிரியில் அரை மணி நேரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று உங்கள் வீட்டுக்காரரோடு சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த மாடல் உங்கள் வீட்டுக்கு ஆகாது, அதிலும் சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு. நிறுத்திய பின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஃபேன் மோட்டார் தனியாகக் கிடைக்குமா, புதுச்சேரிக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டு, பதிலை பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். ஓவனைப் போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.