வீதியோர மண்ணில் தங்கிய ஈயம்

கேள்வி: எங்கள் வீடு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியிருக்கிறது. முற்றத்தில் மைனாக்கள் மண்புழு கொத்தித் தின்னும். இரவில் மூஞ்சூறு வரும். வீதியோர மண்ணில் ஈயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஈயம் கலந்த பெற்றோல்தான் எப்போதோ நின்றுவிட்டதே, இன்னும் அஞ்ச வேண்டுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் ஈயம் இலை தழையைப் போல உக்கிப் போவதில்லை. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் புகையோடு வந்து படிந்தது, கிளறப்படாத இடங்களில் மேல்மண்ணையே பற்றிக்கொண்டு இன்னமும் கிடக்கக்கூடும். அதன்மேல் வாகனங்கள் இன்றும் சேர்ப்பவை வேறு: டயர் தேய்கையில் நாகம், அதாவது துத்தநாகம், அதனோடு சிறிதளவு கட்மியம், பிறேக் கட்டை தேய்கையில் செம்பு. புகையே விடாத மின்சாரக் காருக்கும் டயர் தேயத்தான் செய்கிறது.

உங்கள் மூஞ்சூற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மண்ணை விழுங்கி வாழும் மண்புழு, அந்த மண்ணில் இருப்பதைவிடச் செறிவாகக் கட்மியத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. புழு பூச்சிகளை ஓயாமல் தின்னும் மூஞ்சூற்றினங்களின் உடலில், அதே வீதியோரத்தில் புல்லும் விதையும் தின்னும் எலியினங்களைவிட இவ்வுலோகங்கள் மிகுந்திருப்பதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்மியம் சிறுநீரகத்தில் தங்கி அதைப் பழுதாக்கும். ஈயம் எலும்பில் படிவதோடு, குருதிக்குச் செந்நிறம் தரும் பொருள் உருவாவதையும் தடுக்கும். இவை பெரும்பாலும் உடனே கொல்லாமல் மெல்லத் தளர்த்துபவை என்பதால், முற்றத்தில் எதுவும் செத்துக் கிடக்கவில்லையே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

மழை இந்தத் தூசியை வடிகான் வழியே கால்வாய்களுக்குக் கொண்டு போகிறது. நீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே தலைப்பிரட்டைகளுக்குக் கேடு. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் என்னும் உலக உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட கொழும்புக்கு இது சிறிய விடயமன்று.

ஆறுதலான செய்தி, உலோகச் செறிவு வீதி விளிம்பில் மிகுந்து, சில பத்து மீற்றர்களுக்குள் வேகமாகக் குறைந்துவிடும் என்பது. ஆகவே வீதிப் பக்கம் அடர்ந்த வேலி வளர்த்து, வெறுமண் தெரியாமல் புல் பதியுங்கள். கூட்டிய வீதித் தூசியையும் வடிகானில் அள்ளிய சேற்றையும் பூமரத்தடியில் கொட்டவே வேண்டாம். குப்பை உரக் குழியையும் பறவைகளுக்கான தண்ணீர்ச் சட்டியையும் வீட்டின் பின்புறத்துக்கு மாற்றிவிடுங்கள். புழு மிகுந்த ஈரமண் அங்கே இருந்தால் மைனாவும் மூஞ்சூறும் அங்கேயே இரை தேடும்.