காப்பிரைட்டுக்கு வரியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பழைய புத்தகங்களோட காப்பிரைட்டுக்கு வரி போடணும்னு நீங்க ஒரு கூட்டத்துல பேசின வீடியோ பாத்தேன். மனசு ஒப்பல. எங்க அப்பா ரெண்டு நாவலும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் எழுதினவர், 1991ல தவறிட்டார். எழுதி அவர் சம்பாதிச்சது ஒண்ணுமில்ல. அவர் கட்டின வீடு எங்களுக்கு வந்த மாதிரி எழுத்தும் எங்களுக்கு வந்திருக்கு, அதுக்கும் போய் வரி கேட்டா எப்படி? பெரிய கம்பெனிக்காரன் கட்டிடுவான், எங்களை மாதிரி ஆளுங்கதான் இழப்போம்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

வீட்டைச் சொன்னீங்க, அதையே எடுத்துக்குவோம். அந்த வீட்டுக்கு வீட்டு வரி கட்டுறீங்க, ரசீது உங்க பேர்ல வருது, நாளைக்கு ஒருத்தர் அந்த வீட்டை வாடகைக்கோ விலைக்கோ கேட்டு வந்தா யார்கிட்ட பேசணும்னு ஊருக்கே தெரியும். காப்பிரைட்டுக்கு அப்படி ஒரு ரசீதே கிடையாது. நான் கேக்குற வரியால அரசாங்கத்துக்குப் பெருசா பணம் வராது, வரவும் வேண்டாம். உரிமைக்காரர் யாரு, எங்க இருக்கார்னு எங்கயாவது பதிவாகணும், அவ்வளவுதான்.

இது அமெரிக்காவுல வந்த யோசனை. 1998ல அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் காப்பிரைட் காலத்தை ஒரேயடியா 20 வருஷம் நீட்டிடுச்சு, இனிமே எழுதப்போறதுக்கு மட்டும் இல்ல, ஏற்கெனவே எழுதி முடிச்சு ஆளும் செத்துப்போன எழுத்துக்கும் சேர்த்து. பழைய புத்தகங்களை இலவசமா இன்டர்நெட்ல ஏத்திட்டிருந்த எரிக் எல்ட்ரட் கேஸ் போட்டார், சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் அவருக்காக வாதாடினார், 2003 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு தள்ளிடுச்சு. ஆனா மாற்றுத் தீர்ப்பு எழுதின நீதிபதி பிரேயர் ஒரு கணக்கைக் காட்டினார், 55லேருந்து 75 வருஷம் பழசான காப்பிரைட்டுகள்ல சுமார் 2 சதவீதத்துக்குத்தான் இன்னும் காசு மதிப்பு இருக்குன்னு. அந்த ரெண்டு சதவீதத்தைக் காப்பாத்த மிச்ச அத்தனையும் முடங்கிக் கிடக்குது.

தோத்த கையோட லெசிக் சொன்னதுதான் இந்த வரி. வெளிவந்து 50 வருஷம் ஆனதும் உரிமைக்காரர் ஒரு சின்னத் தொகை கட்டணும், கட்டாம விட்டா அது பப்ளிக் டொமைன், அதாவது யாரு வேணும்னாலும் அச்சுப் போடலாம். முதல்ல 50 டாலர்னு சொன்னார், அதே வருஷம் காங்கிரஸ் உறுப்பினர் ஸோயி லாஃப்கிரன் கொண்டுவந்த மசோதாவுல அது 1 டாலர் ஆச்சு, அப்புறம் 10 வருஷத்துக்கு ஒரு தடவை இன்னொரு டாலர். இந்த ஒரு டாலரை எதிர்த்தது யார் தெரியுமா, ஹாலிவுட் ஸ்டுடியோக்களோட சங்கம். கம்பெனிக்காரன் கட்டிடுவான்னு நீங்க சொல்றது சரிதான், கட்டிட்டுப் போகட்டும். ஆனா மத்தவங்களோட பழைய படைப்பு இலவசமா வெளியில வர்றதைக் கூட அவங்க விரும்பல, எனக்கு அப்படித்தான் தோணுது. மசோதா நிறைவேறல.

லெசிக் ஏன் கட்டணம்னு சொல்லாம வரின்னு சொன்னார்னா, பதிவு மாதிரி எந்தச் சம்பிரதாயத்தையும் காப்பிரைட்டுக்கு நிபந்தனையா வைக்கக்கூடாதுன்னு பெர்ன் ஒப்பந்தம்ங்கற சர்வதேசக் காப்பிரைட் ஒப்பந்தம் சொல்லுது. ஆனா அந்த விதி வெளிநாட்டுப் படைப்புகளுக்குத்தான். தன் நாட்டுப் படைப்பை எப்படி நடத்துறதுங்கறது அந்தந்த நாட்டோட பாடு, அதனால இந்தியாவும் இந்தியப் புத்தகங்களுக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

இப்போ என் மேசையில 1960கள்ல வந்த ஒரு கட்டுரைத் தொகுப்பு இருக்கு. ஓரமெல்லாம் பொடியுது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால 'உரிமை ஆசிரியருக்கே'ன்னு போட்டிருக்கு, கீழே ஒரு அச்சகத்தோட விலாசம், அங்க இப்போ அச்சகம் இல்ல. ஆசிரியர் எப்போ இறந்தார்னு கூட யாருக்கும் தெரியல, இங்க ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட், அப்போ அந்த 60 வருஷத்தை எங்கேருந்து எண்ணுறது? மறுபதிப்பு போட ஒரு பதிப்பகம் தயாராத்தான் இருந்தது, கையெழுத்து போட ஆள் இல்லன்னு விட்டுட்டாங்க. உரிமைக்காரர் வேண்டாம்னு சொல்லல, இருக்கார்னே தெரியல, அதுக்குள்ள தாள் பொடிஞ்சிடும்.

நம்ம தமிழ்நாட்டுல நாட்டுடைமை இருக்கேன்னு கேப்பீங்க. அரசு வாரிசுக்குப் பணம் கொடுத்து எழுத்தை எல்லாருக்கும் பொதுவாக்குறது உலகத்துலயே அபூர்வமான நல்ல காரியம், எனக்கு அதுல பெருமையே உண்டு. கல்கி 1954ல இறந்தார், 1999ல நாட்டுடைமை ஆச்சு, அதுக்கப்புறம் எத்தனை பதிப்பகம் எத்தனை விலையில அவர் நாவல்களைப் போட்டாங்கன்னு புத்தகக் கண்காட்சிக்குப் போற எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பட்டியல்ல பேரு வரணும்னா ஏற்கெனவே பேரு தெரிஞ்சவரா இருக்கணும். என் மேசையில இருக்கற ஆசிரியர் அதுல வரவே மாட்டார்.

உரிமையை விட்டுக்கொடுத்தா வருமான வரியில கழிவு கொடுக்கலாமேன்னும் சிலர் கேக்குறாங்க. இப்போதைக்கு நன்கொடைக்கான வரிக்கழிவு பணமா கொடுத்தாதான், பொருளா கொடுத்தா இல்ல. மாத்தலாம், ஆனா எனக்குத் தயக்கம். அமெரிக்காவுல கம்பெனிகள் யாருக்கும் வேண்டாத பேடன்ட்டை தானம் பண்ணி தாறுமாறா விலை போட்டு வரியைக் கழிச்சு, கடைசியில 2004ல சட்டத்தையே இறுக்க வேண்டியதா போச்சு. பழைய நாவலுக்கு விலை போடுறது அதைவிடக் கஷ்டம். ஒரு ரூபாயோ நூறு ரூபாயோ, வெளியாகி 50 வருஷத்துக்கு அப்புறம், பத்து வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதுல அந்தத் தில்லுமுல்லுக்கு இடமில்ல. கட்ட மறந்தவங்களுக்கு ரெண்டு மூணு வருஷம் அவகாசமும் கொடுக்கணும், இதுல நான் உங்க பக்கம்தான்.

அப்பா 1991ல இறந்தார்னா அவர் எழுத்து 2051 டிசம்பர் வரைக்கும் உங்க குடும்பத்தோடது. நாவல்கள் இப்போ அச்சுல இருக்கான்னு நீங்க எழுதல, இருக்காதுன்னு நினைக்கிறேன். சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கூடப்பிறந்தவங்க எல்லார்கிட்டயும் பேசி, யார் அனுமதி கொடுக்கலாம்னு ஒரு கடிதத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வச்சுக்குங்க, பல பேர் வாரிசா இருக்கற இடத்துல அந்த ஒரு தாள் இல்லாமதான் பதிப்பகங்கள் பின்வாங்குறாங்க. இலவசமா விட மனசிருந்தா, எழுதினவர் பேரைப் போட்டு யாரும் பகிரலாம்னு முன்கூட்டியே அனுமதி கொடுக்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் போட்டு ஸ்கேனை இன்டர்நெட்ல ஏத்தலாம், அப்பா பேரு கூடவே இருக்கும். பிரதி கையில இருந்தா சொல்லுங்க, ஸ்கேன் பண்ற நண்பர்கள் எனக்கு இருக்காங்க.